இடதுபக்க ஸ்டீயரிங்

எங்கள் காரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் பழைய கார் பைத்தியம் பிடித்தவர்கள் விசாரித்துக்கொண்டு காக்களூருக்கே வந்துவிடுவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது. நீளமான அமெரிக்க வண்டி. அந்தக் காலத்துப் பெரும் பணக்காரர்கள் வைத்திருந்தது. ஸ்டீயரிங் இடதுபக்கம். இந்த வட்டாரத்தில் இப்படி இன்னொன்று கிடையாது என்கிறார்கள். அதைப் பழையபடி ஆக்க எங்களுக்கு ஆறேழு வருஷம் பிடித்தது. ‘எங்களுக்கு’ என்று சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன பிரஸ் பட்டறை. தகட்டை அடித்து பிராக்கெட் செய்து கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். என் மாமனார் காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். என் கணவர்தான் பிரஸ் ஆபரேட்டராகச் சேர்ந்து, பிறகு சொந்தமாக ஒரு மெஷின் வாங்கிப் போட்டார். அந்த மெஷினே ஒரு மத்தியானம் அவருடைய வலது கையின் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். எஸ்டேட்டில் இப்படிப்பட்ட கைகள் நிறைய உண்டு, யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பியதில்லை. ஆனால் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமான புதிதில் லோடு வண்டியின் முன்சீட்டில் என்னை உட்காரவைத்து, ஊத்துக்கோட்டை ரோட்டில் பாடிக்கொண்டே ஓட்டிய மனுஷன். சாப்பாட்டைவிட வண்டி பிடிக்கும் அவருக்கு. கை போன பிறகு லோடு வண்டிக்கு ஒரு டிரைவரைப் போட்டார். ஸ்கூட்டரை நான் ஓட்டுவேன், அவர் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். இந்த ஆள் மறுபடியும் ஒரு தடவையாவது ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். சாமியிடம் வேறெதையும் நான் கேட்டதில்லை.

அப்படி இருக்கும்போது, பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அவர் இந்தக் காரைப் பார்த்துவிட்டார். மாந்தோப்பில், தகர ஷெட்டுக்குள் கிடந்தது. சக்கரம் மண்ணில் புதைந்திருந்தது. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது, நாங்கள் எட்டிப் பார்த்ததும் எங்களை முறைத்தது.

“எங்க நைனா ஆசைப்பட்டு வாங்கினு வந்தது. ஏதோ உன்னால முடிஞ்ச டப்பு குடுத்துட்டு எடுத்துக்கினு போப்பா, இடமாவது காலியாவும்” என்றார் தோப்புக்காரர்.

எனக்கு வந்ததே கோபம். “ஏங்க, இன்னாத்துக்கு இது? இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?” என்று கேட்டேன்.

“சரி பண்ணலாம்.”

“சரி பண்ணி?”

“ஒரு டிரைவர வெச்சிக்கலாம்” என்றார் அவர், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பதிலுக்காக வீடு வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. வண்டி அடுத்த வாரம் லாரியில் வந்து, பட்டறையின் பாதியை அடைத்துக்கொண்டது.

முதல் வருஷம் முழுவதும் கழற்றுவதிலேயே போனது. இடது கையால் ஸ்பேனர் பிடிக்க அவர் பழகியிருந்தார். பெரிய நட்டெல்லாம் அவருக்குப் பிரச்சினை இல்லை. சின்ன ஸ்க்ரூ வந்தால்தான் தகராறு. கதவின் உள்ளே, கண்ணாடியை ஏற்றி இறக்கும் இயந்திரத்தில் ஒரு கிளிப் இருக்கிறது. அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் இழுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாஷ்டா எடுத்துக்கொண்டு போனேன். மனுஷன் அந்தக் கதவோடு மல்லுக்கட்டிக் கண் கலங்கி நின்றார். தட்டை வைத்துவிட்டு, “தள்ளுங்க” என்று கையை உள்ளே விட்டேன்.

“அங்கதான்... இன்னும் கொஞ்சம் கீய... ஆங், அத்தான்! இஸு!”

கிளிப் கையோடு வந்துவிட்டது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் மறு ஞாயிறும் போனேன், அதற்கடுத்த ஞாயிறும் போனேன். கொஞ்ச நாளில் எனக்கே ருசி பிடித்துவிட்டது. கார்புரேட்டரைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவுவது, வயரை உரித்து முறுக்குவது, சீட்டுத் துணியை இழுத்து ஆணி அடிப்பது என்று விரல் வேலை எல்லாம் என்னுடையதாயிற்று. அவர் சொல்வார், நான் செய்வேன். தப்பாகச் செய்தால் கத்துவார், நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவேன். பிறகு அவரே டீ வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்.

ஒரு வளைகாப்பில் நாத்தனார் என் கையைப் பிடித்துப் பார்த்து, “இன்னா அண்ணி, நகமெல்லாம் இப்டி கருப்பா கீது?” என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். “உங்க அண்ணன் வெச்ச மருதாணி” என்றேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பெயின்ட் அடிக்கத் திருவள்ளூரில் லாரிகளுக்கு அடிக்கிறவர் ஒருவரைப் பிடித்தோம். கருநீலத்தில் முகம் பார்க்கலாம்போல அடித்துக்கொடுத்தார். அதோடு நிற்காமல், டிக்கியின் மேல் தாமரை ஒன்றும் பக்கத்துக்கு ஒரு கிளியும் வரைந்து வைத்திருந்தார். காசு கேட்கவில்லை, அன்பளிப்பாம். “இவ்ளோ பெரிய எடத்த சும்மா வுட மனசு வரலக்கா” என்றார் என்னிடம். என் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி சுரண்டி அடிக்க ஒரு மாதம் ஆனது. பாவம், அந்த மனிதர் முகம் வாடிப்போனதைப் பார்த்து, டிக்கி மூடியின் உள்பக்கத்தில் ஒரு கிளி வரைந்துகொள்ள நானே சொன்னேன். இன்னும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எங்களைப் பேஜார் பண்ணியது கியர்தான். இந்த வண்டியில் கியர் தரையில் இல்லை, ஸ்டீயரிங் தண்டிலேயே வலதுபக்கம் ஒரு கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து கீழே போகும் ராடுகளில் புஷ் என்கிற சின்ன வளையங்களெல்லாம் தேய்ந்திருந்தன. பக்கத்து ஷெட்டில் பிரஸ்ஸுக்கான டை, அதாவது அச்சு, செய்கிறவர் புதிதாகக் கடைந்து கொடுத்தார். மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி மாட்டி, கம்பி சொன்னபடி கேட்கும்வரை மாதக்கணக்கில் நான்தான் அதை அசைத்துக்கொண்டிருந்தேன். தன் பக்கம் இழுத்துக் கீழே தள்ளினால் முதல் கியர். விட்டு மேலே தள்ளினால் இரண்டாவது. நேராகக் கீழே இறக்கினால் மூன்றாவது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அவர் அந்தக் கம்பியைத் தொட்டதே இல்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வண்டி தயாரானது. எஸ்டேட் காலியாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். லோடு வண்டி டிரைவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, மரியாதையாக வலதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். எதிரே ஸ்டீயரிங்கைக் காணோம். “இன்னாண்ணே, இங்க ஒண்ணும் இல்ல?” என்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த எங்கள் பிரஸ் பெண்கள் சிரித்த சிரிப்பில் அவசரமாக இறங்கிச் சுற்றி ஓடினார். இடம் மாறி உட்கார்ந்தும் பழக்கதோஷம் விடவில்லை. கியர் போடுவதற்கு இடது கை கதவையே தடவிற்று. வண்டி நின்ற இடத்திலேயே ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி துள்ளிற்று. உள்ளே பல்சக்கரம் அரைபடும் சத்தம் எனக்குப் பல்லைக் கூசவைத்தது.

வெளியே நின்ற என் கணவருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “யோவ், எறங்குய்யா! இன்னா கரும்பு மெஷினா அது?” என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்து அவரை இறக்கிவிட்டார். இறக்கிவிட்ட வேகத்தில் தானே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இடது கை ஸ்டீயரிங்கில் இருந்தது. கால்கள் தாமாகவே பெடல்களுக்குப் போய்விட்டன. வலது கை மட்டும் அந்தக் கம்பியின் அருகே வரைக்கும் எழுந்து, அப்படியே நின்றது. வெளியே சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார். இறங்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் வலதுபக்கமாக ஓடி ஏறினேன். முன்சீட்டு சோபாமாதிரி ஒரே நீளம். நகர்ந்து நகர்ந்து அவரை ஒட்டி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்தேன். “கிளட்ச்ச மிதிங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பயந்திருந்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

“மிதிங்கன்றேன்ல.”

மிதித்தார். இழுத்துக் கீழே தள்ளினேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்க வண்டி நகர்ந்தது. “ரெண்டு” என்றார், மேலே தள்ளினேன். “மூணு” என்றார், இறக்கினேன். தண்ணீர்த் தொட்டி தாண்டி, பூட்டிய கேட்டுகளைத் தாண்டி, எஸ்டேட் ரோட்டில் ஒரு சுற்று வந்தோம். இரண்டாவது சுற்றில் எண் சொல்வதை நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பித்தார். சுருதி அன்றும் சேரவில்லை. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

சில மாதங்களில் எங்கள் டிரைவர் கன்டெய்னர் லாரிக்குப் போய்விட்டார். வேறு ஆள் பார்க்கவா என்றேன். வேண்டாம் என்றுவிட்டு, பக்கத்து ஷெட்காரரிடம் சொல்லி லோடு வண்டி ஸ்டீயரிங்கில் வலது உள்ளங்கை உட்காரும்படி ஒரு கிண்ணம் செய்து மாட்டிக்கொண்டார். ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்டி, உரிமத்திலும் பதிந்து வாங்கினார். இப்போது கும்மிடிப்பூண்டி லோடை அவரேதான் தனியாக எடுத்துப் போகிறார். திரும்பி வரும்வரை எனக்குப் பயம்தான். சந்தோஷமும்தான்.

போன மாதம் பக்கத்து ஷெட்காரர் வந்து, அந்தக் கிண்ணம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, “அண்ணே, காருக்கும் கியர் ராடுல ஒரு வளையம் போட்டுக் குடுத்துர்றேன். கட்டவெரல மாட்டி இஸ்தா போதும். நீயே தனியா ஓட்டிக்கினு போலாம்” என்றார். நல்ல யோசனை. ஏன் இத்தனை நாள் எங்களுக்குத் தோன்றவில்லை என்றுகூட நினைத்தேன்.

“அதுக்கு வேணாம்பா” என்றார் என் கணவர். “அந்த வண்டிய தனியா ஓட்டி நான் எங்க போப்போறேன்?”

நான் உள்ளே பிராக்கெட்டுகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தேன். கணக்கு விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.