என் படத்துக்குப் பின்னால் படுத்திருந்தவர்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், நோயைப் பிறகு பார்ப்போம். தேவையே இல்லாத ஒட்சிசன் முகமூடியை மாட்டி, தலையைச் சீவி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் என்னையே படம் எடுத்து முகநூலில் போட்டேன். அந்த முகமூடி எனக்கு முதல் நாள் மட்டும்தான் தேவைப்பட்டது. மூன்றாம் நாள் சும்மா தொங்கியது. வீணாகப் போவானேன் என்று நினைத்தேன்.

நான் கண்டி நகரில் ஓர் அலுவலகத்தில் இலிகிதர், பேச்சில் கிளாக்கர். இரண்டு மாதம் இருமினேன். பழைய கோப்புகளின் தூசு என்று சொல்லிக்கொண்டேன். காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தபோது, மெலிந்து அழகாகிவிட்டேன் என்று மகிழ்ந்தேன். கைக்குட்டையில் இரத்தம் கண்ட பிறகுதான் கிளினிக்குக்குப் போனேன். சளியைச் சோதித்துவிட்டு, சயரோகம் (நுரையீரலைப் பிடிக்கும் கிருமித் தொற்று, காசநோய் என்றும் சொல்வார்கள்) என்றார்கள். மூச்சும் வாங்கியதால் வார்ட்டில் சேர்த்தார்கள். ஆறு மாத மருந்து. அதில் ஒரு மாத்திரை சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும், பயப்பட ஒன்றுமில்லை. தாதி இதைச் சொன்னபோது நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதனால் முதல் நாள் கழிவறையில் நின்றபடியே மரண வாக்குமூலம் தயாரித்தேன்.

பின்னேரம் நாலு மணிக்குப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவார்கள். மற்றக் கட்டில்களைச் சுற்றிக் கதிரைகள் இழுபடும். என் கதிரை இழுபடவில்லை. கடுகண்ணாவையில் இருக்கும் தங்கை சாப்பாட்டை வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, "அண்ணே, வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, கோவிச்சுக்காதீங்க" என்று போனில் சொன்னாள். கோபமில்லை. சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சூடு ஆறும்வரை பிரிக்காமல் இருந்தேன்.

என்னோடு பேசிய ஒரே ஆள் பக்கத்துக் கட்டில் நஸீர் நானா (முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்). பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். திகனப் பக்கம் சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கொழும்புல மகன்ட ஊட்டுக்குப் போயீக்கிறதாத்தான் ஊருக்குச் சொல்லியீக்கி, கிளாக்கர்" என்றார் இரண்டாம் நாளே. "தெரிஞ்சா என்ட கடைல ஒருத்தனும் தண்ணிகூடக் குடிக்கமாட்டான்."

இது சாப்பாட்டில் தொற்றாது, இருமும்போது காற்றில்தான் பரவும், சில வாரம் ஒழுங்காக மருந்து குடித்தால் அதுவும் அநேகமாக நின்றுவிடும் என்று டொக்டர் சொன்னதை ஒப்புவித்தேன்.

"அத எனக்கேன் சொல்றீங்க? கடைக்கு வாறவங்களுக்குச் சொல்லுங்க" என்று சிரித்தார்.

என் படத்தில், எனக்குப் பின்னால், முகக்கவசம் நாடிக்குக் கீழே நழுவியிருக்க அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை. முகமூடிக்குள் என் மூக்கு எடுப்பாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

நூற்றுச் சொச்சம் பேர் விருப்பம் போட்டார்கள். பார்க்க வராதவர்களெல்லாம் அழுகை முகம் அனுப்பினார்கள். ஒருவர் விடாமல் பதில் எழுதினேன். யாரோ ஒருவர், "பின்னால படுத்திருக்கிறது நஸீர் நானாவா?" என்று கேட்டார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், "அவரேதான்! நம்ம வார்ட்டுக் கூட்டாளி" என்று தட்டினேன். ஒரு இதயமும் சேர்த்தேன்.

மறுநாள் நானாவின் மனைவி வந்து, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். படம் ஊரெல்லாம் போயிருந்தது. காலையில் அவித்த இடியப்பம் தட்டோடு அப்படியே கிடக்கிறதாம். நானா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். எங்கள் கட்டில்களுக்கிடையே இரண்டடி இருக்கும். வீட்டுக்குப் போகும்வரை பதினொரு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

வார்ட்டு டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். நான் சேர்ந்த அன்றே அவருக்கு நட்பழைப்பு விட்டு, என் நெஞ்சு எக்ஸ்ரேயையும் அனுப்பிவைத்திருந்தேன். நடந்ததைக் கேள்விப்பட்டு என் கட்டிலுக்கு வந்தார்.

"உங்கட அழைப்பை நான் ஏற்கமாட்டன். கோவமில்லை. நான் உங்கட டொக்டர், கேக்கிறதை இஞ்ச கேளுங்கோ. படத்தை முகநூலில இருந்து எடுத்திட்டீங்களோ?"

"எடுத்துட்டேன் டொக்டர். மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவும் எழுதி வெச்சிருக்கேன். போடவா?"

"அதில அவற்ற பேர் இருக்கோ?"

"பேர் இல்லாம எப்படி டொக்டர்?"

"அவரிட்டக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. இரண்டடி தள்ளிப் படுத்திருந்தவரைக் கேட்கத் தோன்றவில்லை, தோன்றியபோது தைரியமில்லை. பதிவை அழித்தேன்.

வார்ட்டில் படுத்தபடி இதை வாசிப்பவரே, தனிமைக்குப் போன் நல்ல துணைதான், நான் மறுக்கமாட்டேன். தூக்குமுன் பின்னால் ஒருமுறை பாருங்கள், அவ்வளவுதான்.

ஆறு மாதம் முடிந்தது. சளியில் கிருமி இல்லை, காற்சட்டை இடுப்பில் நிற்கிறது. ஆனாலும் விடிந்ததும் கை மாத்திரைப் பெட்டியைத் தேடுகிறது. படியேறும்போது மூச்சை எண்ணுகிறேன். பஸ்ஸில் இருமல் வந்தால், வாயைப் பொத்திக்கொண்டு, பின்னால் யார் இருக்கிறார் என்று திரும்பிப் பார்க்கிறேன். நாலு மணியானால் இன்னும் யாரோ வரவேண்டும் போலிருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் மட்டும் மற்ற மணிகளைவிட நீளம்.

நானா என் இலக்கத்தைத் தடுத்துவைத்திருந்தார். ஆகவே இதுவரை எழுதியதைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடையில் பாதி மேசை காலி. வாசலைப் பார்த்த அவருடைய கதிரையில் மைத்துனர் இருந்தார். நானா பின்னால், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில். அவருக்கும் முழுச் சுகம்தான். ஆனால் ஆட்கள் காண முன்னால் உட்காருவதில்லையாம்.

"பேரை மாத்திட்டேன் நானா, ஊரையும் மாத்திட்டேன். வேணாம்னா சொல்லுங்க, இங்கயே கிழிச்சிடறேன்."

கண்ணாடியைப் போட்டு, வரிவரியாக விரல் வைத்து வாசித்தார். என் தேநீர் ஆறி ஆடை கட்டியது. கழிவறை வாக்குமூலம் வந்த இடத்தில் சிரிப்பார் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. தாள்களை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"போடுங்க, படம் வாணாம்."