சேஸிஸின் அடியில் சொட்டிய பெட்ரோல்

அப்பாவின் பழைய காரைப் புதுப்பிக்க ஆசைப்பட்டு, அதன் அடிச்சட்டமான சேஸிஸை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். மணலைக் காற்றில் பீய்ச்சித் துருவை எடுப்பார்கள். குழாய்களையெல்லாம் முன்கூட்டியே கழற்றித் தருவது என் பொறுப்பு.

“உள்ள ஓடுற பெட்ரோல் பைப்பைக் கழட்டிட்டீகளா சார்?” என்று பட்டறைக்காரர் அந்தோணி கேட்டார்.

“ஆச்சுப்பா” என்றேன்.

பொய். முட்டி வலியில் குனிய முடியவில்லை. ஒரு நாள் தள்ளிப்போடவும் மனமில்லை.

“கெமிஸ்ட்ரி வாத்தியாரே சொன்ன பொறவு என்ன” என்று சிரித்தவர், சிலுவை போட்டுக்கொண்டு முகமூடியை மாட்டினார். கம்ப்ரஸர் இரைந்தது. அப்போது பின்சட்டத்தின் அடியில் ஒரு துளி சொட்டியது. பிறகு இன்னொன்று. ஒரு பொறி போதும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பொய் வெளிப்பட்டுவிடுமே என்று சில விநாடிகள் அசையாமல் நின்றேன். அவர் மணல் பீய்ச்சும் குழலைத் தூக்கிய பிறகே ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

“கழட்டல அந்தோணி. குனிய முடியல. பொய் சொல்லிட்டேன்.”

அவர் தரையைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

“தள்ளுங்க சார். முந்தியே சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேன்ல.”

பொய்யை அவர் மன்னித்துவிட்டார். நான் சும்மா நின்ற அந்த விநாடிகளை, முகமூடிக்குள் இருந்த அவர் பார்க்கவில்லை. அதை அவரிடம் இன்றுவரை நான் சொல்லவும் இல்லை.