அண்ணியிடம் நான் கேட்காத கேள்வி

இங்கே கிளமெண்டிப் பேட்டையில் எங்கள் அடுக்குமாடி வீடுகளில் துணியை மூங்கில் கழியில் கோத்து, சன்னலுக்கு வெளியே நீட்டிக் காயப்போடுவோம். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எதிர் புளோக்கில் ஒரு வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா என்பதையெல்லாம் கழியைப் பார்த்தே சொல்லிவிடலாம். சில வருஷங்களுக்கு முன் எங்கள் கழியில் தினமும் ஐந்தாறு கைலிகள் தொங்க ஆரம்பித்தன. எல்லாம் என் அண்ணனுடையவை. நான் எழுவதற்குள் அண்ணி அலசிப் போட்டிருப்பார். கல்யாணம் காட்சி இல்லாமல் அவர்கள் வீட்டோடு தங்கிவிட்ட நானும், பார்த்தும் பார்க்காததுபோல் வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

அண்ணன்தான் என்னை இந்த நாட்டுக்கு அழைத்தவர். கப்பலிலிருந்து இறங்கி நான் விழித்துக்கொண்டு நின்றபோது, "என்னடா முழிக்கிற, வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அவர் நடைக்கு நான் ஓடவேண்டியிருந்தது. அதே மனிதர் அறுபது வயதுக்குள் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் தேய்த்துத் தேய்த்து நடந்தார். தேக்கா சந்தைக்குப் போனால் திரும்பும் வழி தெரியவில்லை. மூட்டுவலி, வயசுக் கோளாறு என்று நாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டோம்.

மறதி முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்போது புதிதாக வந்திருந்த ஸ்கேன் இயந்திரத்தில் தலையைப் படம் எடுத்தார்கள். சீன டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பொறுமையாக விளக்கினார். மூளைக்கு நடுவே நீர் நிற்கும் அறைகள் பெருத்திருக்கின்றன. மூளை சுருங்கினாலும் அப்படித் தெரியும், அது தீராத மறதி நோய். நீர் வடியாமல் தேங்கினாலும் அப்படித் தெரியும், அதைக் குழாய் வைத்து வடிக்கலாம். சுருக்கம் என்றால் ஓரத்து மடிப்புகளும் அகன்றிருக்கும். இந்தப் படத்தில் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் ஒன்று தெரியவேண்டும் என்றார். இவரால் சிறுநீரை அடக்க முடிகிறதா? மனைவியைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அண்ணிக்கு ஆங்கிலம் தெரியாது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் அண்ணியிடம் கேட்கிற கேள்வியா இது? அவர் இத்தனை நாள் மூடி மறைத்ததை ஓர் அந்நியர் முன்னால் அவிழ்க்க எனக்கு நாக்கு எழவில்லை.

"அண்ணன் நல்லா சாப்பிடுறாரான்னு கேக்குறாரு" என்றேன்.

"சாப்பிடுறாரு தம்பி."

டாக்டர் பக்கம் திரும்பி, "நோ ப்ராப்ளம், டாக்டர்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். மூளைச் சுருக்கம் என்று முடிவானது.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் குளியலறையில் விழுந்து வார்டில் சேர்ந்தார். அங்கே நர்ஸுகளுக்கு மறைக்க ஒன்றுமில்லை. நனைந்த படுக்கையைத் தாளில் எழுதிவைத்தார்கள். மறுபடி ஸ்கேன். வேறொரு டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார். ஓரத்து மடிப்புகள் அகலவே இல்லை, நடு அறைகள் மட்டும் இன்னும் ஊதியிருக்கின்றன என்றார். முதுகில் ஊசி குத்திக் கொஞ்சம் நீர் எடுத்த மறுநாளே அண்ணன் காலைத் தூக்கிவைத்து நடந்தார். பிறகு தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைத்தார்கள். நடை திரும்பியது, கைலி நனைவது நின்றது. மறதி மட்டும் போகவில்லை. முன்பே சிறுநீர் விஷயம் தெரிந்திருந்தால் ஒருவேளை அதுவும் மீண்டிருக்கலாம் என்றார் டாக்டர்.

இந்த முறை ஒரு சொல் விடாமல் அண்ணிக்குச் சொன்னேன். அன்று நான் விழுங்கிய கேள்வியையும் சொன்னேன். அண்ணி அண்ணனின் மழித்த தலையைத் தடவிக்கொடுத்தார்.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தம்பி. அவர விடவா எனக்கு வெக்கம் பெருசு?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, என்னை வளர்த்த மனிதரை நானே தொலைத்துவிட்டேன். இதை யாரிடம் சொல்லி அழுவது?

இப்போது அண்ணன் என்னைவிட வேகமாக நடக்கிறார். மாலையில் பஸ் நிறுத்தம்வரை நான் கூடப் போகிறேன். நேற்று பெஞ்சில் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார். பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்றே கூப்பிட்டவர், புது ஆளிடம் பேசுவதுபோல் மரியாதையாகக் கேட்டார்.

"ஊர்லேருந்து எப்ப வந்தீங்க தம்பி? இங்க உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"அண்ணன் இருக்காரு" என்றேன்.

"அப்ப பயப்படாதீங்க, அவரு பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு, வருகிற பஸ்ஸின் எண்ணைப் பார்க்க எழுந்து நின்றார்.