முதுகில் விட்டு வைத்த நூல்

ஒரு ரவிக்கை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க நான் யாரையும் கண்ணாடி முன்னால் நிறுத்துவதில்லை. "செத்த நேரம் பேசாம மூச்சை இழுத்து விடுங்க" என்பேன். மூச்சு ஏறும்போது தையல் எங்கே பிடிக்கிறதோ, தப்பு அங்கேதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குத் தெரிந்த படிப்பு இவ்வளவுதான். கூடவே ஒரு பயமும் பிறந்ததிலிருந்து உண்டு. தெருவில் ஆம்புலன்ஸ் போனால் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று மனதுக்குள் தேடுவேன். மிஷினை மூடும்போது ஊசி ஒன்று குறைந்தால், அது யாருடைய ரவிக்கைக்குள் போயிருக்கும் என்று அன்றைக்குச் சோறு இறங்காது. இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரிப்பார்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. அய்யனார் கோவில் அருவிப் பக்கம் சினிமா எடுக்கிறார்கள் என்று ராஜபாளையம் முழுக்கப் பேச்சு. சித்திரக்கதைப் புத்தகத்தில் வருகிற சாகச வீரனை வைத்துப் படமாம். ஒரு நாள் காலையில் அந்தப் படத்தின் உடுப்புக்காரர் மெட்ராஸ் பேச்சோடு என் வாசலில் வந்து நின்றார்.

"நீங்கதான் ஜாக்கெட் நல்லா தைப்பீங்கன்னு சொன்னாங்கக்கா."

"பொம்பளையளுக்குத்தான் தைப்பேன்."

"அதான்க்கா வேணும். உடம்போட ஒட்டித் தைக்கிறது உங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு ஜென்ட்ஸ் டெய்லர் தைச்சுக் குடுத்தாங்க. ஒண்ணு பைஜாமா. இன்னொண்ணு தலகாணி உறை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் புத்தகத்தை மிஷின் மேல் விரித்தார். கழுத்திலிருந்து கால் வரை கரும்பச்சை. விலா எலும்பு ஒவ்வொன்றும் துணிக்கு மேலேயே தெரிகிறது. தோளிலிருந்து ஒரு மஞ்சள் துணி, அவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூடப் பறக்கிறது. தலை முழுக்க மூடியிருக்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் கருவிழி இல்லாத இரண்டு வெள்ளைக் கீற்று. பொத்தான் இல்லை, கொக்கி இல்லை, ஜிப் இல்லை, ஒரு தையல் கோடுகூட இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆள் இதற்குள் எப்படிப் போனான்? எப்படி வெளியே வருவான்?

"மூக்குக்கு ஓட்டை எங்கே?"

"படத்துல இல்லக்கா."

"படத்துல இருக்கவன் மூச்சு விட வேண்டாம். இதைப் போடுதவன் விடணும்லா?"

"ரெண்டு நிமிஷ வேலைக்கா. டைரக்டர் புத்தகத்துல இருக்கிற மாதிரியே வேணுங்கிறார்."

"யாரு போடப் போறா?"

கதாநாயகனுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாதாம், பாறையில் ஏறப் பயமாம். முகம்தான் தெரியப் போவதில்லையே என்று, அருவியில் பழகிய உள்ளூர் ஆள் ஒருவரையே பிடித்துவிட்டார்களாம். அந்த ஆள் அவருக்குப் பின்னாலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். என் தம்பி. நூல் மில்லில் வேலை பார்ப்பவன், இருபத்துநாலு வயது. அம்மா போன பிறகு எனக்கென்று பிறந்த வீடு என்றால் அவன் ஒருவன்தான்.

"யக்கா, அளவு எடு" என்றான்.

நான் தைக்க மாட்டேன் என்றால் வேறு யாராவது தைப்பார்கள். யாரோ தைத்ததற்குள் அவன் போவதைவிட நான் தைத்ததற்குள் போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

துணிதான் கிடைக்கவில்லை. இழுபடுகிற துணி மெட்ராஸிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். அவர்களுக்கு நாலே நாள். என் வீட்டுக்காரர் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தார். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றாத யோசனை அவருக்குத் தோன்றியது.

"கால் சுளுக்கினா கட்டுவோம்லா, கிரேப் துணி. பட்டையாக் கீறாத முழு அகலத்துலேயே வாங்கியாரேன். எம்புட்டு இழுத்தாலும் வரும்."

வந்தது. பச்சைச் சாயம் கொதிக்கிற அண்டாவில் போட்டோம். வெளியே எடுத்தபோது அகலம் பாதியாகச் சுருங்கி, பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு கிடந்தது.

"ஏட்டி, அது முறுக்கு நூலு. தண்ணி பட்டா சுருங்கத்தான் செய்யும். இழுத்துக் கட்டிக் காயப் போட்டா நின்னுக்கும்" என்றார் அவர்.

கட்டில் சட்டத்தில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினோம். கஞ்சி தடவி வெயிலில் வைத்தோம். சாயங்காலம் பார்த்தால் சமர்த்தாக, தகடு மாதிரி படிந்திருந்தது. அதைத்தான் வெட்டினேன். தண்ணி பட்டா சுருங்கும் என்று அவர் சொன்னது எல்லோர் காதிலும்தான் விழுந்தது. என் காதை விட்டு மட்டும் அது இறங்கவில்லை. உடுப்புக்காரரிடம் கேட்டேன்.

"மறுபடி நனைஞ்சா?"

"நனையவே நனையாதுக்கா. பாறை மேல நிப்பாரு, பெரிய ஃபேன் போட்டு அந்த மஞ்சத் துணியைப் பறக்க விடுவோம். அவ்ளோதான்."

அவர் கொண்டுவந்த சாட்டின் துணி பறக்காமல் ஈரத் துண்டு மாதிரி தொங்கியதால், என்னுடைய பழைய நைலெக்ஸ் சேலை ஒன்றைத்தான் மஞ்சள் துணிக்கு வெட்டிக் கொடுத்தேன். கண்ணுக்கு ஒற்றை மடிப்பு வெள்ளைத் துணி. மூக்குக்கு அவருக்குத் தெரியாமல் ஊசியால் நாலைந்து பொத்தல்.

மிஞ்சியது முதுகு. கொக்கி வைத்தால் தெரியும் என்றார் அவர். "போட்ட பிறகு தைச்சு மூடிடுங்கக்கா."

எங்கள் வீட்டில் உடுத்திய துணியை உடம்போடு வைத்துத் தைக்க மாட்டோம். சட்டைப் பொத்தான் அறுந்தால்கூடக் கழற்றித்தான் தைப்போம். உடம்போடு தைப்பது பிணத்துக்கு என்பாள் அம்மா. வேறு வழியே இல்லையென்றால் போட்டிருப்பவர் ஒரு நூலைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும்.

படம் எடுக்கிற அன்று காலை பாறை மேல் தம்பியின் வாயில் நூலைக் கொடுத்தேன்.

"கடிச்சுக்கோ. துப்பிராத."

"நான் என்ன கிழிஞ்ச சாக்காக்கா?"

"வாயை மூடுலே."

அவன் கேட்டதில்தான் எனக்கு யோசனை வந்தது. அரிசி மூட்டை வாயைத் தைப்பார்களே, அந்தச் சங்கிலித் தையலை இடுப்பிலிருந்து ஆரம்பித்துக் கழுத்து வரை போட்டேன். கடைசிக் கண்ணியை முடிச்சுப் போடாமல் ஓர் ஈர்க்குச்சியைச் செருகி வைத்தேன். குச்சியை உருவி நூலை இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும். நூல் நுனியை மஞ்சள் துணிக்கு அடியில் மறைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

முகமூடியை இழுத்து விட்டதும் தம்பி காணாமல் போனான். அங்கே நின்றது புத்தகத்து ஆள். வெள்ளைக் கண்ணால் என்னைப் பார்த்தான். சிரிக்கிறானா பயப்படுகிறானா என்று தெரியவில்லை.

மேலே மலையில் மழை பெய்திருக்க வேண்டும். அருவி வழக்கத்தைவிடப் பருமனாக விழுந்தது. டைரக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணிய கிழிச்சிக்கிட்டு வரட்டும்" என்றார். முகமூடி சரி என்று தலையாட்டியது.

நான் உடுப்புக்காரரிடம் ஓடினேன். "நனையாதுன்னு சொன்னீகளே. அது இறுக்கும்."

"ஒரே ஷாட்க்கா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட வந்திருந்த வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏட்டி, சும்மா இரு. நீ எதுக்குத்தான் பயப்படல?"

எல்லாவற்றுக்கும் பயந்தே நாளைக் கழித்தவள் இன்றைக்கு மட்டும் நம்புங்கள் என்றால் யார் நம்புவார்கள்?

அவன் அருவிக்குப் பின்னால் போனான். விசில் கொடுத்ததும் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தான். பச்சை கறுப்பாகியிருந்தது. கூட்டம் கத்தியது. சொல்லிக் கொடுத்தபடி வலது கையைத் தூக்கினான். பிறகு இடது கையையும் தூக்கினான். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தான். கூட்டம் கைதட்டியது.

நான் மூக்கு இருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி உள்ளே போனது, வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. வெளியே வரவில்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. சேலையோடு தண்ணீருக்குள் விழுந்து எழுந்து அவன் முதுகைப் பிடித்தேன். மஞ்சள் துணியாகியிருந்த என் பழைய சேலை அவன் கழுத்தோடு பசை போட்ட மாதிரி ஒட்டியிருந்தது. கையில் முதலில் தட்டுப்பட்டது இடுப்பு நுனி, தையல் ஆரம்பித்த, பிரியாத பக்கம். இழுத்தேன். தையல் இன்னும் இறுகியது. அவன் முழங்கால் மடங்கி என் மேல் சாய்ந்தான். சேலையைப் பல்லால் கடித்து விலக்கி, விரலால் தடவித் தடவி ஈர்க்குச்சியைக் கண்டுபிடித்து உருவி நூலை இழுத்தேன். சர்ரென்று இடுப்பு வரை பிரிந்தது. முகமூடியைக் கிழித்து மேலே தூக்கினேன். உதடு நீலமாக இருந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துருப்பிடித்த பம்பு அடிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சை இழுத்தான். பல்லுக்கு நடுவில் நூல் அப்படியே இருந்தது.

பின்னாலிருந்து டைரக்டர், "பிரமாதம்!" என்றார்.

நாலைந்து நாள் அவன் நெஞ்சில் பேண்டேஜின் நெசவு பச்சையாகப் பதிந்திருந்தது. மில்லில் "பச்சைக்கிளி" என்று கூப்பிட்டார்களாம், சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு கழுத்துப் பொத்தானை அவன் போட்டதே இல்லை. சன்னலைச் சாத்தினால் படுக்க மாட்டான்.

படம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். அதே காட்சியைத்தான் வைத்திருந்தார்கள். இரண்டு கையும் நெஞ்சுக்குப் போகிற இடத்தில் மேளச் சத்தம் சேர்த்திருந்தார்கள். பின் வரிசையில் ஒருத்தன், "ஏலே, இப்பம் பாரு, பறக்கப் போறான்!" என்று விசிலடித்தான். துணி உள்ளே போனது. அதோடு வெட்டி அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள். நான் ஓடி வந்தது இல்லை. திரையில் இருப்பவன் அந்த மூச்சை விடவே இல்லை.

இருட்டில் பக்கத்து நாற்காலிக்குக் கையை நீட்டி, தம்பியின் முதுகில் வைத்தேன். அது மேலே எழும்புவதற்காகக் காத்திருந்தேன்.

"யக்கா, கூசுது. கையை எடு."

நான் எடுக்கவில்லை.