ஹன்சி தேவியின் தழைக்கட்டு

"ஒரு கை குடு தம்பி, கழுத்து ஒடியுது" என்று மலைச்சாலை வளைவில் ஜீப்பை மறிக்கிறாள் ஹன்சி தேவி. கழுத்துக்கு இன்னும் சுமை ஏறவில்லை. அது தரையில் கிடக்கிறது: பாஞ்ச் என்கிற மலை ஓக் மரத்துத் தழை, மேலே கரும்பச்சை, அடியில் வெள்ளை. பத்தடி தள்ளித் தோளுயரத்தில் சுமைதாங்கி இருக்கிறது. அதில் வைத்தால் யார் தயவும் இல்லாமல் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதனோடு அவளுக்கு என்ன பகையோ.

ஜீப்காரன் உமேத் சிங் இறங்கியே ஆகவேண்டும். இறங்கினாலும் சும்மாடு லேசில் உட்காராது. அது உட்காரும்வரை அவன் மாமியாரின் மூட்டுவலியும், எதிர்ச்சரிவுப் பைன் மரங்களின் ஒழுக்கமும் விசாரணைக்கு வரும்.

"பைன் நாள் பூரா உஸ்ஸு உஸ்ஸுன்னு பேச்சுதான். அடியில ஒரு சொட்டுத் தண்ணி உண்டா? பாஞ்ச் வாயே திறக்காது. நம்ம சுனையே அது வேர்லதான் இருக்கு."

"அப்ப நீங்க பைன் பக்கம்தான் அத்தை."

"தூக்குடா, வாயாடி."

முன்பெல்லாம் பெண்கள் கூட்டமாகத் தழைக்குப் போவார்கள். ஒருத்தி கட்டை இன்னொருத்தி தூக்கிவிடுவாள். பிறகு ஒவ்வொருத்தியாக மாட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு அடிவாரத்து நகரமான ஹல்த்வானிக்கு இறங்கிவிட்டார்கள். மிஞ்சியது ஹன்சியும் அவள் எருமையும். அதற்குப் பால் வற்றி வெகுகாலம். "ஓய்வுல இருக்கு" என்பாள், அரசு ஊழியரைப் பற்றிச் சொல்வதுபோல.

போன மாதம் மகன் வந்து எருமையை விற்றான். "இனிமே காட்டுக்குப் போகாதம்மா. தழை எதுக்கு உனக்கு?"

"கட்டு இல்லாம ரோட்டுல நின்னு ஆளை மறிச்சா பைத்தியம்னு சொல்லமாட்டாங்களா?" என்று கேட்டாள். மகனுக்குக் கேள்வியே புரியவில்லை.

மறுநாள் வளைவில் கட்டோடு நின்றாள். எருமை போனது ஊருக்கே தெரியும். உமேத் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்று ஜீப்பில் பயணியாக இருந்த நானும் இறங்கி ஒரு பக்கம் பிடித்தேன். தலையணைக் கனம்கூட இல்லை. உமேத் மட்டும் பல்லைக் கடித்து முக்கினான்.

"மலையவே கட்டிட்டீங்களா அத்தை?"

"ரெண்டு ரொட்டி சேர்த்துத் தின்னுடா" என்றாள், முகமெல்லாம் மலர்ச்சியாக.

ஜீப் மேலே ஏறி அடுத்த வளைவில் திரும்பியபோது எட்டிப் பார்த்தேன். அவள் நாலடிகூட நடந்திருக்கவில்லை. கீழே எங்கோ இன்னொரு வண்டியின் ஹாரன் கேட்டது. ஹன்சி ஒற்றைக் கையால் கட்டை இறக்கித் தரையில் போட்டாள். சும்மாட்டை உதறிப் பிரித்தாள். பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்த்து நின்றாள்.