மெட்ராஸ் டொக்டரும் கொட்டாஞ்சேனைப் பேச்சும்

என் இடது இமை தானாக இறங்கிவிடும். சண்டை நடந்த வருடங்களில், வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் நான் கண்ணடிப்பதாக நினைத்து ஒரு சிப்பாய் வெட்கப்பட்டிருக்கிறான். மயஸ்தீனியா என்றார்கள். உடம்பு தன் தசைகளையே எதிரியென்று நினைத்துத் தாக்கும் நோய். அந்நாள் கொழும்பில் இதை விளங்கிக்கொள்ள யாருக்கும் சிரமமிருக்கவில்லை.

பொரளையில் கிளினிக். மெட்ராஸிலிருந்து ஒரு டொக்டர், தன் ஊர் நோயாளிகளையும் எங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வந்திருந்தார்.

"எங்க ஊர்ல நிறையப் பேருக்குப் பேசப்பேசக் குரல் போயிடும். இங்க தமிழ் ஆளுங்க ஒருத்தருக்கும் அது இல்லையே!" என்று அதிசயித்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று எனக்குப் பக்கத்தில் கொட்டாஞ்சேனைப் பெண் ஒருத்தி, துறைமுகத்தில் வேலைசெய்யும் கணவனோடு இருந்தாள். அவளுக்கு நோய் கண்ணோடு நின்றிருந்தால் குளிசையோடு வீட்டுக்குப் போகலாம். தொண்டைக்கு இறங்கியிருந்தால் உடனே ஆஸ்பத்திரி வாட்டில் வைக்கவேண்டும். கவனிக்காமல் விட்டால் மூச்சே நின்றுவிடலாம்.

"ரொம்ப நேரம் பேசினா களைச்சுப்போறீங்களாம்மா?"

"ஐயோ, நான் ஒருத்தரையும் பேசுறேல்லை, டொக்டர்."

அவர் 'இல்லை' என்று எழுதப்போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது, மற்றதெல்லாம் கதைப்பது. வந்த அத்தனை பேரும் தாங்கள் நல்ல பிள்ளைகள் என்று சாதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

நான் வாய் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். "பொய், டொக்டர். விடிஞ்சாப் பொழுதுபட்டா என்னைப் பேச்சுத்தான்."

"நான் பேசுறனானோ? அரிசி வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டா சீனியோட வந்து நிக்கிறியள், போன கிழமை குடையையும் பஸ்ஸில விட்டிட்டு..."

குரல் மூக்குக்குள் ஏறித் தேய்ந்தது. குடைக்குப் பிறகு வாய் மட்டும் அசைந்தது. டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"உது தடிமன், மூக்கடைப்பாக்கும் எண்டெல்லோ நினைச்சம்," என்றான் கணவன். அவன் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

அவளை வாட்டுக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார்கள். நான் டொக்டருக்கு விஷயத்தைச் சொன்னேன். "அப்போ எல்லாரையும் திரும்பக் கூப்பிடணுமா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் வாட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குடையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, அவனுடைய அக்காமார் வரைக்கும் போய்க்கொண்டிருந்தாள், ஒரு சொல்லும் தேயாமல். அவன் கட்டிலருகே நின்று கண்ணைத் துடைத்தான்.

"நீர் பேசும்," என்றான், "இன்னும் பேசும்."