திருப்பதியில் கேட்ட ‘அயிபோயிந்தி’

காலை ஆறரை மணிக்குக் காட்பாடியில் திருப்பதி பஸ் ஏறினோம். நானும் என் வீட்டுக்காரரும், இரண்டு மூட்டைப் பாத்திரம், ஒரு கிரைண்டர். எல்லோரும் சாமி கும்பிடப் போகிற பஸ்ஸில் கிரைண்டரோடு ஏறியவர்கள் நாங்கள் மட்டும்தான். நடத்துநர் அதற்குத் தனியாக லக்கேஜ் போட்டார். எனக்குக் கோபமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். திருப்பதியில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் எனக்குச் சமையல் வேலை, அவருக்கு வாட்ச்மேன் வேலை, தங்க அறையும் உண்டு. பெருமாளே கூப்பிட்டுவிட்டார் என்று கேன்டீன் வேலையை விட்டேன், வேலூரில் இருந்த வாடகை வீட்டையும் காலி செய்தோம். அந்த வீட்டுக்கு வேறு ஆளும் வந்தாயிற்று.

சித்தூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ் நின்ற நேரத்தில் டீ குடித்தோம், பதினைந்து ரூபாய். இந்த ஊர் மாம்பழக்கூழ் கம்பெனியில் சீசனுக்குச் சீசன் வேலை பார்த்தவர் இவர். அங்கே கற்றதுதான் இவருடைய தெலுங்கு. அதில் பெருமை வேறு. ஹாஸ்டல்கார அம்மாவிடம் போனில் பேசியதும் இவர்தான். முன்பே கேட்டு வைத்திருந்த வேலை என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். “அயிபோயிந்தி அண்ணா” என்று பதில் வந்திருக்கிறது. காரியம் ஆயிடுச்சு என்று போனை வைத்துவிட்டு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த பிறகுதான் என்னிடமே சொன்னார்.

அங்கிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். சந்திரகிரி தாண்டி மலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இறங்கி, ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்து, ஹாஸ்டல் வாசலில் போய் நின்றோம்.

அந்த அம்மா எங்களையும் கிரைண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே வேறொரு பெண் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

“போன்லயே செப்பினேனே அண்ணா, அயிபோயிந்தின்னு. வேற ஆளு வச்சிட்டேன். எந்துக்கு வந்தீங்க?”

முடிந்துபோயிற்று, இனி இல்லை என்று அர்த்தமாம். கம்பெனியில் லோடு இறக்கி முடித்ததும் மேஸ்திரி இதே சொல்லைத்தான் சொல்வாராம். வேலை ஆச்சு என்று இவர் புரிந்து வைத்திருக்கிறார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே மலை. உன்னை நம்பித்தானே வீட்டைக் காலி செய்தேன், முடி எடுக்காமலே மொட்டை அடித்துவிட்டாயே என்று அதைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்த அம்மா நல்லவர். எங்களை உட்காரவைத்துச் சோறு போட்டார். சித்தூரில் தன் தங்கை மெஸ் நடத்துவதாகவும், அங்கே ஆள் தேவையா என்று தெரியாது, போய்க் கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். அவர் போட்ட போனைத் தங்கை எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு மறுபடி பஸ். இவர் தலையே நிமிரவில்லை. வேலூருக்கே போய் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று முனகினார். நடத்துநர் வந்து எந்த ஊர் என்று கேட்டார். நாள் முழுக்க நான் பதறியதில் அந்த நொடிதான் மோசம். சொந்த ஊர் என்று சொல்ல எங்களுக்கு இப்போது வீடே இல்லை.

“சித்தூர், ரெண்டு” என்றேன்.

இவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். “அங்கயும் இல்லன்னா இன்னாடி பண்றது?”

“எனக்கு இன்னா தெரியும்? இம்மாம் தூரம் கூட்டிக்கினு வந்த பெருமாளு அங்க மட்டும் இல்லாம பூடுவானா?”

வாய் நம்பிவிட்டது. டிக்கெட் வாங்கின கை அதுபாட்டுக்கு, வேலூர் போக மிச்சம் தேறுமா என்று காசை எண்ணிக்கொண்டிருந்தது.